குதிரை வாங்கிய அரசர்களும் குதிரை பார்த்த கைகளும்

தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தருகே இருந்த காயல் துறைமுகத்துக்கு 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹோர்முஸிலிருந்தும் கிஷ் தீவிலிருந்தும் ஏடனிலிருந்தும் கப்பல்கள் வந்துகொண்டிருந்தன. அவை இறக்கிய சரக்குகளில் விலை மிகுந்தது குதிரை. 1290களில் இந்தக் கடற்கரை வழியே சென்ற மார்க்கோ போலோ, பாண்டிய நாட்டை ஆண்ட உடன்பிறந்தார் ஐவரும் ஆளுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் குதிரைகளை ஆண்டுதோறும் வாங்கினார்கள் என்று எழுதுகிறார். அடுத்து அவர் சொல்வதுதான் நெஞ்சை உறுத்துகிறது. ஆண்டு முடிவதற்குள் அவற்றில் நூறுகூட மிஞ்சுவதில்லையாம். பார்க்கத் தெரிந்த ஆளில்லாமல் எல்லாம் செத்துப்போகின்றனவாம்.

பயணிகள் எண்களை ஊதிப் பெருக்குவது உண்டு. ஆனால் அதே தலைமுறையைச் சேர்ந்த பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபும் ஏறத்தாழ இதையேதான் சொல்கிறார். அவர் கணக்குப்படி பாரசீகக் கரையிலிருந்து பாண்டிய நாட்டுக்கும் குஜராத்தின் காம்பே முதலிய துறைகளுக்கும் ஒரு காலத்தில் ஆண்டுக்கு 10,000 குதிரைகள் போயின; அவற்றின் மொத்த விலை 22 லட்சம் தினார். கிஷ் தீவின் பெருவணிகர் ஜமாலுத்தீன் தம் சொந்தக் குதிரைகளாக மட்டும் ஆண்டுக்கு 1,400 அனுப்பிவைக்க வேண்டும் என்று ஒப்பந்தம். ஒரு குதிரைக்கு 220 செம்பொன் தினார். கடலில் செத்துப்போன குதிரைக்கும் அரசுக் கருவூலம் விலை கொடுத்துவிடும் என்பது அந்த ஒப்பந்தத்திலேயே இருந்தது.

இங்கே வந்து சேர்ந்த குதிரை என்ன ஆனது என்பதையும் வஸ்ஸாஃப் விவரிக்கிறார். வறுத்த தானியத்தை நெய்யில் பிசைந்து ஊட்டினார்கள். குடிக்கக் காய்ச்சிய பசும்பால். கொழுக்க வேண்டும் என்பதற்காக 40 நாள் லாயத்தில் முளையடித்துக் கயிற்றால் கட்டிவைத்தார்கள். பிறகு எந்தப் பழக்கமும் கொடுக்காமல் வீரர்கள் ஏறி வெறிகொண்டதுபோல் ஓட்டினார்கள். கொஞ்ச காலத்திலேயே, எவ்வளவு துடிப்பான குதிரையும் ஒன்றுக்கும் உதவாததாகிவிட்டது. மார்க்கோ போலோ இன்னொன்று சேர்க்கிறார்: சோற்றோடு இறைச்சியையும் வேகவைத்துக் கொடுத்தார்கள் என்று.

இதில் கொடுமை செய்யும் எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை. நெய்யும் பாலும் சோறும் இந்த மண்ணில் மதிப்புள்ள விருந்தாளிக்குப் படைக்கும் உணவு. 220 பொன் கொடுத்து வாங்கிய உயிருக்குத் தங்களிடம் இருந்ததில் சிறந்ததைத்தான் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் குதிரையின் வயிறு அதன் உடம்பு அளவுக்கு மிகச் சிறியது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் புல் மென்று, நாரைப் பெருங்குடலில் நொதிக்கவைத்துச் செரிக்கும் விலங்கு அது. மாவுச்சத்தை ஒரேயடியாக ஏற்றினால் குடலில் வாயு சேரும். வயிற்றுச் சூலை வரும். குளம்புக்குள் அழற்சி கண்டு நிற்கவே முடியாமல் போகும். வேண்டாததை வாந்தியெடுத்து வெளியேற்றவும் அதனால் இயலாது. போதாக்குறைக்கு 40 நாள் அசையாமல் கட்டுத்தறியில் நிறுத்தினால் குடலும் சோம்பிப்போகும், காலும் வீங்கும்.

குதிரைக்கு லாடம் கட்டி வைத்தியம் பார்ப்பவர்களை இந்தக் கரைக்கு வரவிடாமல் அரபு வணிகர்கள் தடுத்தார்கள், குதிரைகள் சாகச் சாக வியாபாரம் பெருகும் என்பது அவர்கள் கணக்கு என்கிறார் மார்க்கோ போலோ. அது வணிகர்களின் சூழ்ச்சி மட்டுமாக இருந்திருக்க முடியாது. விலை கொடுத்த முறையைப் பார்த்தாலே காரணம் புரிகிறது. செத்த குதிரைக்கும் உயிருள்ள குதிரைக்கும் ஒரே விலை என்றால், நடுக்கடலில் சூலையில் துடிக்கும் குதிரைக்காக இரவில் யார் கண்விழிப்பார்கள்? இருநூறு ஆண்டு கழித்தும் இதே பழக்கம் தொடர்ந்திருக்கிறது. விஜயநகரத்தின் சாளுவ நரசிம்மர் ஆயிரம் பர்தாவோ நாணயத்துக்கு மூன்று என்ற விலையில் குதிரைகளை வாங்கினார். வழியில் இறந்தவற்றின் வாலை மட்டும் வெட்டிக் கொண்டுவந்து காட்டினாலும் முழு விலை கொடுத்தார். இதைப் பதிவுசெய்திருப்பவர் போர்த்துகீசிய வணிகர் நூனிஸ்.

அறிவு இல்லாத நாடா இது என்றால், இல்லை. சாலிஹோத்திரர் பெயரில் வழங்கும் குதிரை வைத்திய நூல்கள் பழையவை. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் குதிரைகளுக்கென்று ஓர் அதிகாரியும் அவருக்கென்று ஓர் அத்தியாயமும் உண்டு. நாளுக்கு இருமுறை குளிப்பாட்ட வேண்டும், பருவத்துக்கேற்பத் தீனியை மாற்ற வேண்டும், குதிரை இளைக்கிறதா பருக்கிறதா என்பதை வைத்தியர் கவனிக்க வேண்டும் என்று அது விதிக்கிறது. இங்கே குறிப்பாகப் பார்க்க வேண்டியது தண்டம். மருந்தின் குறையாலோ கவனக் குறைவாலோ நோய் முற்றினால் சிகிச்சைச் செலவைப்போல் இரண்டு மடங்கு அபராதம். அதனால் நிலைமை தலைகீழானால் குதிரையின் விலையையே கட்ட வேண்டும். பாண்டியரும் விஜயநகரத்தாரும் செத்த குதிரைக்குப் பணம் கொடுத்தார்கள். அர்த்தசாஸ்திரம் அதற்குப் பணம் வசூலிக்கச் சொன்னது. குதிரை பிழைப்பதற்கு இந்த வேறுபாடு எந்த மூலிகையையும்விட முக்கியமானது.

கிரேக்கத்தின் செனொபோன் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் இதையே வேறு வழியில் சொன்னார். குதிரை லாயத்தை எஜமானன் கண் அடிக்கடி படும் இடத்தில் கட்ட வேண்டும் என்பது அவர் முதலில் சொல்லும் யோசனைகளில் ஒன்று. தீனி திருடுபோனாலும் தெரியும், தீனி இறங்காமல் குதிரை ஒதுங்கி நின்றாலும் தெரியும். நோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் மீந்துகிடக்கும் தீனிதான். அதைக் காண்பதற்கு வைத்தியம் படித்திருக்க வேண்டியதில்லை, அந்த நேரத்தில் அங்கே இருந்தால் போதும்.

காயடித்த குதிரையின் கதை இதற்குள் பின்னிக்கிடக்கிறது. அரபியர், ராஜபுத்திரர், மராட்டியர் என்று இந்தியாவுக்குப் பழக்கமான குதிரை மரபுகளில் ஆண்குதிரையின் விதையை நீக்குவது பெருவழக்கம் இல்லை. புல்வெளி நாடோடிகளிடம் அது மிகப் பழைய வழக்கம். சித்தியர்களும் சர்மாத்தியர்களும் குதிரைகளை அடக்குவதற்காகக் காயடித்தார்கள் என்று ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். அல்தாய் மலையில் பாசிரிக் என்ற இடத்தில் உறைபனிக்குள் கெடாமல் கிடைத்த கல்லறைகள் அதற்குச் சான்று. 1940களின் பிற்பகுதியில் அவற்றை அகழ்ந்த ருடென்கோ, தலைவர்களோடு புதைக்கப்பட்ட குதிரைகள் காயடிக்கப்பட்டவை என்று கண்டார். பிரிட்டிஷ் குதிரைப்படை இந்தியாவுக்கு வந்தபோது இந்த வழக்கமும் உடன் வந்தது. நூற்றுக்கணக்கான குதிரைகளை ஒரே கயிற்று வரிசையில் கட்டவேண்டிய படைக்கு, பெட்டைக் குதிரையைக் கண்டதும் கனைத்துக் கட்டை அறுக்கும் பொலிக்குதிரை ஒத்துவராது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலிருந்து கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் கப்பலேறி வந்த ‘வேலர்’ குதிரைகளில் படைக்குப் போனவை பெரும்பாலும் காயடித்தவையும் பெட்டைகளும்தான்.

காயடிப்பதோடு வேலை முடிவதில்லை, அங்கேதான் பராமரிப்பு தொடங்குகிறது. புண் மூடாமல் நீர் வடிய வேண்டும் என்பதால் மறுநாளிலிருந்தே குதிரையை நடத்த வேண்டும். கட்டியே வைத்தால் விதைப்பை வீங்கி, உள்ளே சீழ் கட்டும். ஈ மொய்க்கும் பருவத்தைத் தவிர்க்க வேண்டும். மண்ணில் இருக்கும் கிருமியால் வில்வாத ஜன்னி வரக்கூடும். தடுப்பு மருந்து இல்லாத காலத்தில் அது வந்தால் பிழைப்பது அரிது.

பிறகு ஆயுள் முழுக்கத் தொடரும் ஒரு சின்ன வேலை. காயடித்த குதிரையின் குறியை மூடியிருக்கும் தோலுறைக்குள் சுரப்பிகளின் பிசுக்கும் உதிர்ந்த தோலும் புழுதியும் சேர்ந்து கருநிறத்தில் மெழுகுபோல் படியும். பொலிக்குதிரைக்கு அடிக்கடி குறி வெளியே வருவதால் இது அவ்வளவு தங்காது. காயடித்தவற்றில் பல சிறுநீர் கழிக்கும்போதுகூட முழுதாக வெளியே விடுவதில்லை. படிந்த அழுக்கு சிறுநீர்த் துவாரத்தை ஒட்டிய குழியில் உருண்டு திரண்டு, மொச்சைக் கொட்டை அளவுக்குக் கெட்டிப்பட்டுவிடும். அப்போது சிறுநீர் பிரிந்து சிதறும். குதிரை கால்களை அகட்டி நின்று முக்கும், வாலைச் சுழற்றும், பின்னங்கால் உட்புறத்தில் கறை காணும். சூலையென்று நினைத்து மருந்து புகட்டியவர்கள் உண்டு.

இதற்கு மருந்து வெதுவெதுப்பான தண்ணீரும் மென்மையான சோப்பும் பொறுமையும். இடப்பக்கம் நின்று, தோளை அதன் வயிற்றோடு ஒட்டி, ஒரு கையை முதுகில் வைத்துக்கொள்ள வேண்டும். உதைக்கப்போகிறது என்றால் அந்தக் கைக்கு முதலில் தெரியும். நகம் வெட்டியிருக்க வேண்டும். மறு கையால் ஈரப் பஞ்சைக் கொண்டு உறையை நனைத்து, பிசுக்கு ஊறும்வரை காத்திருந்து, விரலால் மெல்லக் கழற்றி, சோப்பு எச்சமில்லாமல் அலச வேண்டும். அந்தக் குழியைத் தடவிப் பார்த்து உருண்டை இருந்தால் நெருக்கி வெளியே எடுக்க வேண்டும். முரண்டும் குதிரையோடு மல்லுக்கட்டாமல், இன்று மருத்துவர்கள் லேசாக மயக்கம் கொடுத்துச் செய்கிறார்கள். ஆண்டுக்கு ஓரிரு முறை பார்த்தால் போதும். கிருமிநாசினி ஊற்றி வாராவாரம் கழுவினால், அங்கே இயல்பாக வாழும் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து நோயே வரும்.

கூச்சப்பட்டுத் தள்ளிப்போடப்படும் வேலை இது. பெருமைக்குரிய வேலையாக எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஒரு லாயம் ஒழுங்காக நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள விரும்புபவர் பளபளக்கும் சேணத்தைப் பார்க்க வேண்டாம், இதைப் பார்த்தால் போதும்.

ஐரோப்பாவிலும் நெடுங்காலம் குதிரை வைத்தியம் லாடம் அடிப்பவர் கையில்தான் இருந்தது. எந்த நோய்க்கும் கழுத்து நரம்பைக் கீறி இரத்தம் எடுப்பது, பேதிக்குக் கொடுப்பது, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு வைப்பது. 1761இல் பிரான்சின் லியோனில் குளோத் பூர்ஜெலா முதல் கால்நடை மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். 1789இல் புகழ்பெற்ற பந்தயக் குதிரை எக்ளிப்ஸ் வயிற்றுச் சூலையில் இறந்தபோது அதன் உடலை அறுத்து அளந்தவர் அந்தப் பள்ளி மரபில் வந்த சான்பெல் என்ற பிரெஞ்சுக்காரர். 1791இல் லண்டனில் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அவரே முதல் பேராசிரியர். இரண்டே ஆண்டில் இறந்துபோனார். குதிரையிடமிருந்து மனிதருக்கும் தொற்றும் கிளாண்டர்ஸ் நோயே காரணம் என்று கருதப்படுகிறது.

லியோனில் படித்த முதல் ஆங்கிலேயர் வில்லியம் மூர்கிராஃப்ட். லிவர்பூலில் மனித அறுவை வைத்தியம் பயின்றுகொண்டிருந்தவர், மாடுகளுக்கு வந்த கொள்ளைநோயைப் பார்த்து விலங்கு வைத்தியத்துக்கு மாறினார். கிழக்கிந்தியக் கம்பெனி 1808இல் பீகாரின் பூசாவில் இருந்த குதிரைப் பண்ணையை அவரிடம் ஒப்படைத்தது. அவர் அங்கே செய்த காரியங்களில் ஒன்று ஓட்ஸ் பயிரிட்டது. நோய்க்கு மருந்து தேடும் முன் தீனியைச் சரிசெய்தார். பிற்பாடு நல்ல இனக் குதிரை தேடி புகாரா வரை போய், திரும்பும் வழியில் 1825இல் ஆப்கானிஸ்தானின் அந்த்கோயில் இறந்தார்.

சென்னை மாகாணத்தில் வெள்ளைக்கார அதிகாரியின் குதிரை ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். ஒருவர் குதிரைக்காரர். மற்றவர் புல் கொண்டுவருபவர். பல வீடுகளில் அது குதிரைக்காரரின் மனைவியே. சிறிய இரும்புக் கருவியால் அருகம்புல்லை வேரோடு செதுக்கி, மண் போக அலசி, கட்டாகக் கட்டித் தலையில் சுமந்து வருவார். அலசுவதில் சோம்பல் காட்டினால் மண் குதிரையின் குடலில் சேர்ந்து சூலை வரும் என்பதால், அந்தப் பெண்ணின் வேலை குதிரை வைத்தியத்தில் பாதி. தீனி, வேகவைத்த கொள்ளு. ஆங்கிலத்தில் கொள்ளுக்குக் ‘குதிரைப் பயறு’ என்றே பெயர் வந்தது இந்த லாயங்களால்தான். நெய்யும் சோறும் போய், நார் மிகுந்த புல்லும் அளவான பயறும் வந்த பிறகு இந்த மண்ணில் குதிரை நிலைக்கத் தொடங்கியது. இவர்களைப் பற்றி நமக்குத் தெரிந்தது மிகக் குறைவு என்பது வரலாற்றுக்கு ஒரு குறைதான்.

தீனியால் மட்டும் எல்லாம் சரியாகிவிடவில்லை. 1880இல் சிந்து நதிக்கரையின் தேரா இஸ்மாயில் கானில் குதிரைகள் காய்ச்சல் கண்டு, கால் வீங்கி, நல்ல தீனி தின்றும் எலும்பும் தோலுமாகி விழுந்தன. கால்நடை மருத்துவர் கிரிஃபித் எவன்ஸ் அவற்றின் இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தபோது, சாட்டைபோல் நெளியும் நுண்ணுயிர்களைக் கண்டார். ‘சர்ரா’ என்று மக்கள் அழைத்த அந்த நோய்க்கு அவைதான் காரணம் என்றார். மேலதிகாரிகள் ஏற்கவில்லை. நுண்ணுயிரால் நோய் வரும் என்ற கருத்தையே அப்போது பலர் நம்பவில்லை. பின்னாளில் அந்த உயிரிக்கு எவன்ஸின் பெயரே சூட்டப்பட்டது. குதிரை ஈக்கள் கடித்துப் பரப்பும் இந்த நோய் ஈ மலிந்த மழைக்காலத்தில் பெருகும். பழைய அரசர்களின் லாயங்களில் செத்த குதிரைகளில் எத்தனைக்கு இது காரணமாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

இதற்கிடையே இங்கிலாந்தில் இன்னொரு மாற்றம் நடந்தது. மருத்துவத்திலிருந்து பணிவிடை தனிக் கலையாகப் பிரிந்து வந்தது. ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலின் செவிலிமைக் குறிப்புகள் 1859இன் முடிவில் வெளிவந்தன. நல்ல காற்று, சுத்தம், அமைதி, நேரத்துக்கு உணவு என்று அவர் மனிதருக்குச் சொன்னது லாயத்துக்கும் அப்படியே பொருந்தியது. 1877இல் அன்னா சீவல் எழுதிய ‘பிளாக் பியூட்டி’ நாவலில் ஒரு காட்சி வரும். இரவில் மருத்துவரை அழைத்துவர மூச்சிரைக்க ஓடித் திரும்பும் குதிரைக்குச் சின்னப் பையன் ஒருவன் வயிறு நிறையக் குளிர்ந்த தண்ணீர் கொடுத்துவிட்டு, வேர்வை உடம்பில் கம்பளி போர்த்தாமல் போய்விடுகிறான். குதிரை சாவின் விளிம்புக்குப் போகிறது. அவன் நல்ல பையன், அன்பானவன், ஆனால் யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. காயல் லாயங்களின் கதையும் இதுதான்.

சொல்லிக்கொடுக்க வேண்டியவை என்னென்ன என்பது 19ஆம் நூற்றாண்டின் முடிவில் தெளிவாகிவிட்டது. நோயுற்ற குதிரையைக் கட்டாமல் விசாலமான தனி அறையில் விட வேண்டும். காற்று வர வேண்டும், ஆனால் நேராக உடம்பில் வீசக் கூடாது. தரையில் வைக்கோல் ஆழமாக இருக்க வேண்டும். உடம்பு சில்லிட்டால் கனமில்லாத கம்பளி, கால்களுக்கு ஃபிளானல் கட்டு. தண்ணீர் எப்போதும் எட்டும் உயரத்தில். கொதிநீர் ஊற்றி மூடிவைத்து ஆறிய தவிட்டுக் கூழ், ஆளிவிதைக் கஞ்சி, பசும்புல் என்று கைப்பிடி அளவில் பலமுறை கொடுத்து, தின்னாததை உடனே அகற்ற வேண்டும். மூச்சுபட்டுப் புளித்த தீனி முன்னாலேயே கிடந்தால் இருக்கிற பசியும் போய்விடும். கண்ணையும் மூக்கையும் ஒரு பஞ்சால் துடைக்க வேண்டும். வாலடியையும் குறியுறையையும் துடைக்க வேறு பஞ்சு. ஒரு குதிரையின் பஞ்சும் வாளியும் இன்னொன்றுக்குப் போகக் கூடாது. தாடை எலும்பின் உள்ளோரத்தில் ஓடும் நாடியில் விரல் வைத்து எண்ணினால் நிமிடத்துக்கு 30 முதல் 40 துடிப்பு இருக்க வேண்டும். மருந்தை வாயில் புகட்டும்போது இருமினால் தலையை உடனே தாழ்த்திவிட வேண்டும். இல்லையென்றால் மருந்து நுரையீரலுக்குள் போய், நோய் கொல்லாத குதிரையை வைத்தியம் கொன்றுவிடும்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் போயர் போரில் நடந்தது பேரழிவு. 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவுக்கு பிரிட்டன் ஐந்து லட்சத்துக்கு மேல் குதிரைகளைக் கொண்டுபோனது. அவற்றில் 3,26,000 செத்தன. எதிரியின் குண்டுக்கு இரையானவை அதில் சிறு பங்கு. உலகின் பல மூலைகளிலிருந்து வாரக்கணக்கில் கடலில் வந்த குதிரைகளை இறங்கிய சூட்டிலேயே ரயிலேற்றிப் போர்முனைக்கு அனுப்பினார்கள். நோயுற்றவற்றுக்கு முறையான மருத்துவமனை இல்லை. சொறியும் கிளாண்டர்ஸும் கண்ட குதிரைகளும் வெறும் களைப்பில் வந்தவையும் ஒரே திடலில் நின்றன. போர்ட் எலிசபெத்தில் 1905இல் இதற்காக ஒரு நினைவுச்சின்னம் எழுந்தது. மண்டியிட்ட சிப்பாய் ஒருவன் குதிரைக்கு வாளியில் தண்ணீர் நீட்டும் வெண்கலச் சிலை. அந்தப் போரில் அரிதாகவே நடந்த காரியத்தைச் சிற்பி வடித்திருக்கிறார்.

படை பாடம் கற்றுக்கொண்டது. அந்தப் போரைக் கண்ட கால்நடை மருத்துவர் ஃபிரடெரிக் ஸ்மித் நடந்த தவறுகளை ஒன்றுவிடாமல் எழுதினார். 1907இல் படையின் கால்நடை மருத்துவத் துறைக்கே தலைவரானார். மருத்துவர் சொன்னதைச் செய்யப் பயிற்சி பெற்ற சிப்பாய்கள் வேண்டும் என்று 1903இல் ஏற்கெனவே தனி அணி அமைக்கப்பட்டிருந்தது. 1908இல் போர் அலுவலகம் விலங்குப் பராமரிப்புக்கென்றே ஒரு கையேடு வெளியிட்டது. சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியதும் 1903இல்தான்.

1914இல் மூண்ட உலகப் போரில் இதற்கெல்லாம் சோதனை வந்தது. பிரிட்டிஷ் படையிடம் 1917இல் எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட குதிரைகளும் கோவேறு கழுதைகளும் இருந்தன. போர் தொடங்கியபோது கால்நடை மருத்துவ அணியில் ஆயிரத்துக்கும் குறைவான சிப்பாய்கள். முடிந்தபோது 20,000க்கும் மேல். போர்முனைக்குப் பின்னால் நடமாடும் பிரிவுகள் காயம்பட்டவற்றைப் பொறுக்கியெடுத்து ரயிலில் அனுப்பின. பிரான்சின் வடக்கே ஆயிரம், இரண்டாயிரம் குதிரைகளுக்கான மருத்துவமனைகள் எழுந்தன. வந்திறங்கியதும் பிரிப்பார்கள்: காயம் ஒரு பக்கம், கால் நோய் ஒரு பக்கம், தோல் நோய் தனியே, வெறும் நலிவு தனியே. ஒவ்வொன்றின் கீழிமையிலும் மாலீன் ஊசி போட்டு, இமை வீங்கினால் கிளாண்டர்ஸ் என்று ஒதுக்கினார்கள். போயர் போரில் படையைத் தின்ற அந்த நோய் இந்தப் போரில் தலைதூக்கவே இல்லை.

சொறிக்கு வெதுவெதுப்பான கால்சியம் சல்பைடு கரைசல் நிறைந்த தொட்டிகளைக் கட்டினார்கள். சரிவில் இறங்கும் குதிரை நீந்தி மறுகரை ஏறும். தோலுக்கு மருந்து படவேண்டும் என்று முடியை முழுக்க மழித்தார்கள். இங்கேதான் பெரிய தவறு நேர்ந்தது. 1916–17 குளிர்காலம் கடுமையானது. உடம்பில் முடியில்லாமல் வயிறளவு சேற்றில் நின்ற குதிரைகள், 1917 வசந்தத்தில் அராஸ் தாக்குதலின்போது பனியிலும் பட்டினியிலும் கூட்டங்கூட்டமாக விழுந்தன. அதன்பின் மழிக்கும் காலமும் அளவும் கட்டுப்படுத்தப்பட்டன. சுத்தம் என்ற பெயரில் செய்வதும் பருவமறிந்து செய்ய வேண்டும் என்பதற்கு இவ்வளவு விலை கொடுக்க வேண்டியிருந்தது.

ஆனாலும் மொத்தக் கணக்கு வியப்பூட்டுகிறது. மேற்குப் போர்முனையில் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட எண்ணிக்கை 25 லட்சம். ஒரே குதிரை பலமுறை வந்ததும் இதில் சேரும். அவற்றில் நூற்றுக்கு எண்பது குணமாகிப் பணிக்குத் திரும்பின. ஆண்டிபயாடிக் இல்லாத காலம் அது. அவற்றைக் காப்பாற்றியது பெரும்பாலும் ஓய்வும் தீனியும் தண்ணீரும் உலர்ந்த படுக்கையும் தினமும் தொட்டுப் பார்த்த கைகளும். இங்கிலாந்தில் ஆண்கள் போர்முனைக்குப் போய்விட, பெர்க்‌ஷயரில் ஓவியர் செசில் ஆல்டின் பொறுப்பிலிருந்த குதிரை நிலையத்தில் அந்த வேலையைப் பெண்கள் ஏற்றார்கள். குதிரையை அடக்க வலிமை வேண்டும் என்ற பழைய எண்ணம் அங்கே உடைந்தது.

பாலஸ்தீனப் போர்முனையில் மைசூர் குதிரைப்படையும் ஆஸ்திரேலியப் படையும் நின்றன. சென்னைக்கு வந்த அதே இன வேலர் குதிரைகள், 1917 அக்டோபர் 31இல் தண்ணீர் கண்டு ஒரு நாளுக்கு மேலாகியும் பீர்ஷெபா கிணறுகளை நோக்கிப் பாய்ந்தன. போர் முடிந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வெளிநாடு போன ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட குதிரைகளில் நாடு திரும்பியது, தளபதி பிரிட்ஜஸின் சாண்டி ஒன்று மட்டும். எகிப்தில் இருந்த ஆயிரக்கணக்கான குதிரைகளைப் பிரிட்டிஷ் படை உள்ளூரில் விற்றுவிட்டது. லட்சங்களைச் செலவழித்துப் பேணக் கற்றுக்கொண்ட அதே நிர்வாகம் செய்த காரியம் இது. மன்னிக்கத்தக்கதாக இல்லை.

1930இல் கணவரான படைத்தலைவரோடு கெய்ரோவுக்கு வந்த டாரத்தி புரூக், கல் வண்டிகளை இழுக்கும் கிழக் குதிரைகளின் உடம்பில் பிரிட்டிஷ் படையின் அம்புக்குறிச் சூட்டைக் கண்டார். இருபது வயதைத் தாண்டிய விலங்குகள். பல கண்ணிழந்தவை, குளம்பு பிளந்தவை. 1931இல் லண்டன் ‘மார்னிங் போஸ்ட்’ இதழுக்கு எழுதிய கடிதத்தால் பணம் வந்து குவிந்தது. சில ஆண்டுகளில் ஏறத்தாழ 5,000 குதிரைகளை அவரும் உடனிருந்தவர்களும் விலைகொடுத்து மீட்டார்கள். பெரும்பாலானவை பிழைக்கக்கூடிய நிலையில் இல்லை. ஆழமான படுக்கையில் சில நாள் இளைப்பாறவிட்டு, நல்ல தீனி கொடுத்து, வலியில்லாமல் உயிரை முடித்தார்கள். 

வண்டிக்காரர்களை டாரத்தி புரூக் வில்லன்களாகப் பார்க்கவில்லை. குதிரை ஒரு நாள் நின்றால் வீட்டில் அடுப்பு எரியாத ஏழைகள் அவர்கள். 1934இல் அவர் கெய்ரோவில் நிறுவிய போர்க்குதிரை நினைவு மருத்துவமனை அவர்களுடைய விலங்குகளுக்குக் கட்டணம் வாங்காமல் சிகிச்சை தந்தது. அதிலிருந்து வளர்ந்த அமைப்பு இன்று இந்தியாவிலும் வேலை செய்கிறது. உத்தரப் பிரதேசத்துச் செங்கல் சூளைகளில் குதிரையும் கோவேறு கழுதையும் வைத்துப் பிழைப்பவர்களை ஊர்க் குழுக்களாகச் சேர்க்கிறார்கள். ஒருவர் விலங்கை மற்றவர்கள் கூடிநின்று பார்க்கிறார்கள்: முதுகில் சேணப் புண் உண்டா, குளம்பு இளகியிருக்கிறதா, கண்ணில் ஈ மொய்க்கிறதா, நேற்றுப் போட்ட தீனி மீந்திருக்கிறதா, காலையிலிருந்து எத்தனை முறை தண்ணீர் காட்டினார்கள் என்று.